அஞ்சாம் நம்பர் நெல்லு

தம்பி, அந்த மூட்டை மேல காலு பட்டுறாம. கோவிச்சுக்காதீக. வெளிய பாத்தா உரச்சாக்குதான், உள்ள இருக்கிறது நெல்லுக் கதிரு. அடிக்காத கதிரு. தாளோட அறுத்துக் கட்டி வச்சிருக்கேன். ஒரு மணி உதிர்ந்தாலும் நஷ்டம். எனக்கு மட்டுமில்ல, இந்த ராமநாதபுரம் ஜில்லாவுக்கே நஷ்டம். சிரிக்காதீக. இந்த வருசம் சிரிச்சவுகளை நிறையப் பாத்துட்டேன்.

நீங்க எது வரைக்கும்? ராமநாதபுரமா. நான் அதுக்கு முன்னாடியே பண்ணை விலக்குல இறங்கிருவேன். அங்க திலகவதி மேடம்னு நெல்லு ஆராய்ச்சி பண்றவுக இருக்காக. அவுக கையில இதைச் சேர்க்கணும். நீங்க என்ன வேலை? ரோடு போட மட்டம் பாக்குறவுகளா? நல்லது. ரோட்டுக்காவது ஒரு மட்டம் இருக்கட்டும். எங்க ஊர்க்காரனுக மண்டைக்கு மட்டமும் கிடையாது, வாட்டமும் கிடையாது.

எம்பேரு வழிவிட்டான். ஊரு நரியேந்தல். ஊருன்னு சொல்லவே நாக்கு கூசுது தம்பி. உசிரோட இருக்கிற மனுசனைக் கொடும்பாவின்னு சொல்லி, வைக்கோல்ல பொம்மை கட்டி, அதுக்கு என் சட்டையைப் போட்டு, தெருத்தெருவா இழுத்துட்டுப் போயி சுடுகாட்டுல கொளுத்துன ஊரு அது. ஆமா, என் சட்டைதான். பச்சைக் கோடு போட்டது. கொடியில காஞ்சுகிட்டிருந்த சட்டை எப்படி அவனுக கைக்குப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல. துவைச்சுக் காயப்போட்டவ என் பொண்டாட்டி குருவம்மா. அவகிட்டக் கேட்டா பதிலு வராது. அவதான் பேசறதில்லையே.

இருங்க, தலையும் வாலுமாச் சொன்னா உங்களுக்குப் புரியாது. முதல்லருந்து சொல்றேன்.

எங்க பூமி புழுதியில வெதைச்சுட்டு வானத்தைப் பாக்குற பூமி. புரட்டாசியில வெதைப்போம். ஐப்பசி மழையில முளைச்சு வரும், பாக்கக் கண்ணு குளிர்ந்து போகும். கார்த்திகை முடியிற நேரம் பயிரு பொதி கட்டும். பொதின்னா, கதிரு இன்னும் வெளிய வரல, தாளுக்குள்ள சூலா இருக்கு. சரியா அந்த நேரம் பாத்து மழை கையை விரிச்சுரும். சின்னப் பயிரா இருக்கையில தண்ணி இல்லாத காய்ச்சல் வந்தா தாங்கிக்கிடும் தம்பி, அப்புறமா ஒரு மழை பேஞ்சா தலையைத் தூக்கிரும். பொதியில தண்ணி இல்லைன்னா அம்புட்டுத்தான். கதிரு தொண்டையிலயே நின்னுரும். தப்பிச்சு வெளிய வந்தாலும் பதரு. வைக்கோலு மாட்டுக்கு மிஞ்சும், மனுசன் என்னத்தைத் திங்கிறது? 'கார்த்திகைக்குப் பிறகு மழையுமில்ல, கர்ணனுக்குப் பிறகு கொடையுமில்ல'ன்னு சும்மாவா சொல்லி வச்சாக.

போன வருசம் களத்துல நின்னு தூத்துறேன். காத்து அடிக்குது. முறத்துலருந்து விழுகிறது எல்லாம் பறக்குது. காலுக்கடியில விழணும்ல நெல்லு? விழல. அம்புட்டும் பறந்து வேலியில போயி ஒட்டிக்கிருச்சு. அன்னைக்கு நான் அழுதேன் தம்பி. களத்துல குத்தவச்சு, துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதேன்.

அதுக்கப்புறம்தான் மேடம் வந்தாக. என் கிணறு வத்தாத கிணறு, அதனால என் வயலைத் தேடி வந்தாக. அஞ்சு ரக வெதை குடுத்தாக. பேரு கிடையாது, நம்பருதான். ஒவ்வொரு ரகத்துக்கும் ரெண்டு பாத்தி. மேக்கால இருக்கிற அஞ்சு பாத்திக்குக் கடைசி வரைக்கும் கிணத்துத் தண்ணி. கிழக்கால இருக்கிற அஞ்சுக்கும் பொதி கட்டுனதும் தண்ணியை நிறுத்திப்புடணும். ஈரம் இங்கிட்டு அங்கிட்டு ஊறக்கூடாதுன்னு நடு வரப்புல ஆழமா வெட்டி பிளாஸ்டிக் தாளு இறக்குனாக. மழை வந்தா மூடுறதுக்குத் தார்ப்பாயும் குடுத்தாக. எந்த ரகம் அந்தக் காய்ச்சலைத் தாங்கி மணி பிடிக்குதோ, அதைப் பெருக்கி இந்தப் பக்கம் எல்லாருக்கும் குடுக்கணுங்கிறது அவுக கனவு.

"வழிவிட்டான் ஐயா, உங்களைத்தான் நம்பியிருக்கேன். ஒரு சொட்டுத் தண்ணி போனாலும் எல்லாம் வீணு"ன்னாக.

"மேடம், என் உசிரு போனாத்தான் தண்ணி போகும்"னேன்.

சொன்னபடி நின்னேன் தம்பி. இந்த வருசம் மழை கார்த்திகை பாதியிலயே ஓடிப்போச்சு. கம்மாய் காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுருச்சு. ஊரு வயல் எல்லாம் வாடுது. நான் மோட்டாரைப் போட்டு மேக்காலப் பாத்திக்குத் தண்ணி பாய்ச்சுறேன், கிழக்கால இருக்கிறதைக் காயப் போடுறேன். இலை எல்லாம் பீடி மாதிரிச் சுருண்டு போச்சு. பாக்குறவன் என்ன நினைப்பான்? 'கிணத்துல தண்ணி இருக்கு, சூலுப் பயிரைச் சாகடிக்கிறான்'னு நினைக்கிறான். எடுத்துச் சொன்னேன். இது சோதனை, அஞ்சு பாத்தி செத்தாத்தான் அஞ்சு ஊரு பொழைக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். செவிடன் காதுல ஊதுன சங்கு.

இதுல என் மச்சினன் சேதுராமு இருக்கானே, குருவம்மா கூடப் பிறந்த தம்பி, அவன் டீக்கடையில உக்காந்துகிட்டு ஒண்ணு சொன்னான். "மச்சான், வீட்டுல ஒரு சூலி இருக்கு, வயல்ல ஒரு சூலி இருக்கு. ஒண்ணைக் காயப்போட்டு ஒண்ணைக் காப்பாத்த முடியுமா?" என் மக செல்வராணி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா. நிறைமாசம். புத்தி உள்ளவன் பேசுற பேச்சா இது? பயிருக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்?

அவன் பேசுனது போதாதுன்னு இவ வந்தா. "ஏங்க, பிள்ளை வயித்தோட இருக்கு. அந்தச் சூலுப் பயிரைக் காயப் போடாதீங்க"ன்னா. "மேடம் உன்கிட்டயா பொறுப்பைக் குடுத்தாக? வாயை மூடிக்கிட்டுப் போ"ன்னேன். மூடிட்டா. அன்னைக்கு மூடுனவதான். சோத்துச் சட்டியை 'ணங்'குன்னு வைப்பா, கொழம்பை 'சொத்'துன்னு ஊத்துவா, பேச்சு மட்டும் கிடையாது. நானும் போடின்னு விட்டுட்டேன். பொம்பளை பேசலைன்னா வீடு நிம்மதியா இருக்கும்னு நினைச்சேன். இல்ல தம்பி, அது வேற மாதிரி இரைச்சலு.

பேசாதவ சும்மா இருக்கணும்ல? கிணத்தடியில ஏழு கன்னிமாரு கல்லு இருக்கு. எங்க பாட்டன் காலத்துக் கல்லு. மக பேறு நல்லபடியா ஆகணும்னு வேண்டிக்கிட்டு, பொழுது சாய்ற நேரத்துல தினம் குடம் குடமா அந்தக் கல்லுக்கு ஊத்த ஆரம்பிச்சா. ஊரே குடிதண்ணிக்கு அலையுது, இவ கல்லைக் குளிப்பாட்டுறா! கல்லுக்கு என்ன தாகமா எடுக்கும்? வையலாம்னுதான் போனேன். மக வாசல்ல வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. சரி, தொலையட்டும்னு வந்துட்டேன்.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கையில மார்கழியில ஒருநாள் அந்தியில மேகம் கூடுச்சு பாருங்க. கூடுனதுதான் தாமதம், ஊரே தெருவுல வந்து நிக்குது. கிழவன் குமரன் எல்லாம் அண்ணாந்து பாக்குறான். பொட்டுப் பொட்டுன்னு நாலு தூத்தல் விழுந்துச்சு. எனக்கு மேடம் சொன்னது ஞாபகம். ஒரு சொட்டு! ஓடுனேன். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடுனேன். தார்ப்பாயை ஒத்தை ஆளா இழுத்துக் கம்புல கட்டுறேன், காத்து பிடுங்குது, பல்லால கயித்தைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுப் போடுறேன். முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா, வரப்புல ஊரு பூராம் நிக்குது. ஏங்கி ஏங்கிக் கிடந்து வந்த மழையை ஒருத்தன் கூரை போட்டுத் தடுக்கிறான்னு பாக்குறானுக. அந்த நேரம் பாத்தா மழை நிக்கணும்? நின்னுருச்சு. மேகம் கலைஞ்சு நட்சத்திரம் தெரியுது.

"வந்த மழையைப் படுதா போட்டு விரட்டிட்டியே மச்சான்"னு சேதுராமு சொன்னான். அவன் பயிரும் பொதியிலதான் இருந்துச்சு.

அதுக்கு அடுத்தாப்புலதான் கொடும்பாவி. உங்க ஊர்ப் பக்கம் உண்டா? ஊர்ல ஒரு பெரும்பாவி இருக்கிறதாலதான் மழை பெய்யலைன்னு, பொம்மை கட்டி இழுத்து, செத்த வீடு மாதிரி ஒப்பாரி வச்சு எரிப்பாக. எல்லா ஊர்லயும் அந்தப் பாவிக்குப் பேரு கிடையாது. எங்க ஊர்ல பச்சைக் கோட்டுச் சட்டை இருந்துச்சு. என் சொந்த அத்தை மக மாரடிச்சு அழுறா தம்பி! என்னைய நேர்ல பாத்துக்கிட்டே என் சாவுக்கு அழுறா! நான் வீட்டு வாசல்ல கல்லு மாதிரி நின்னேன். உள்ள மக இருந்தா, அவ காதுல விழுந்துறக் கூடாதேன்னு கதவை மட்டும் சாத்துனேன்.

எரிச்சாகளே, மழை பேஞ்சுச்சா? ஒரு பொட்டு விழல. அதோட விட்டானுகளா? கன்னிமாரைக் குளிர வச்சா வானம் குளிரும்னு எவளோ சொல்லியிருக்கா. அன்னையிலருந்து ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் பொழுது சாஞ்சா என் கிணத்தடிக்கு வந்துருவாளுக. எறைக்கிறது என் கிணத்துல. ஊத்துறது அந்தக் கல்லுல. குலவை வேற. நானும் ஒண்ணும் சொல்ல முடியாது, சாமி காரியம். எவளாவது கோவத்துல மடையை வெட்டிவிட்டு என் காய்ச்சல் பாத்திக்குத் தண்ணியைத் திருப்பிருவாளோன்னு பயம். அதனால மம்பட்டியோட மடையில போயி உக்காந்துக்கிட்டேன். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுக் காவல் காத்தேன். பொம்பளைக வரிசையா என்னைத் தாண்டித்தான் குடத்தோட போவாளுக. நான் மூஞ்சியைத் திருப்பிக்கிடுவேன். குருவம்மாதான் முன்னால போவா. மடையில ஒரு சொட்டு போகல தம்பி. அது சத்தியம்.

கதை எங்க திரும்புது பாருங்க. தையில செல்வராணிக்குப் பொட்டைப்பிள்ளை பிறந்துச்சு, சுகப்பிரசவம். ஊர்ப் பயிரு எல்லாம் மணி பிடிக்காம சாவியாப் போச்சு. அதுகளாவது மேயட்டும்னு வயல்ல மாட்டை அவுத்து விட்டானுக. நான் கிழக்காலப் பாத்தியில இறங்குனேன். ஒண்ணாம் நம்பர், பதரு. ரெண்டு, பதரு. மூணு, கதிரே முழுசா வெளிய வரல. நாலாம் நம்பர் பச்சையா நின்னு ஆசை காட்டுச்சு, நசுக்கிப் பாத்தா உள்ள ஒண்ணுமில்ல. இதுக்குத்தான் இம்புட்டு ஏச்சும் பேச்சும் வாங்குனோமான்னு நினைச்சுக்கிட்டே அஞ்சாம் பாத்தித் தலைமாட்டுக்கு வந்தேன்.

தொங்குது தம்பி! கதிரு தலையைக் கவுந்துக்கிட்டுத் தொங்குது! மணிய எடுத்துக் கடிச்சேன், 'நறுக்'குன்னுச்சு. வரப்புலயே உக்காந்து சிரிச்சேன், அழுதேன், என்ன பண்ணேன்னு எனக்கே தெரியல. தண்ணியே இல்லாம மணி பிடிச்ச நெல்லு! எங்க அப்பன் பாக்காதது, பாட்டன் பாக்காதது. அந்தப் பாத்தியோட வால்ப் பக்கம் பதருதான், இல்லைங்கல. அங்க சீமைக்கருவேலம் நிக்குது, அது வேரை விட்டு உறிஞ்சிருச்சு. அதனால தலைமாட்டுக் கதிரை மட்டும் அறுத்துக் கட்டுனேன். இந்தா, இதுதான் அது.

மேடத்துக்குப் போனைப் போட்டேன். "தண்ணி எதுவும் போகலையே ஐயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாக. "எம் பேத்தி மேல சத்தியம்"னேன். அவுக குரல்ல ஒரு சந்தோசம் பாருங்க, சின்னப்பிள்ளை மாதிரி.

சேதி ஊருக்குள்ள பரவிருச்சு. கொடும்பாவி கொளுத்துன கை எல்லாம் இப்ப என் வாசல்ல நீளுது. "வழிவிட்டாண்ணே, ஒரு படி வெதை." "மாமா, எனக்கும் ஒரு படி." மேடம் பெருக்கித் தரட்டும், எல்லாருக்கும் உண்டுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். சேதுராமுவும் வந்தான். "மச்சான், கம்மாய்க்குக் கீழ இருக்கிற வயலை ஒத்திக்கு விட்டுட்டேன். தண்ணி ஏறாத மேட்டுச் செய்யில இதையே வெதைச்சுக்கிறேன். இதுக்குத்தான் தண்ணியே வேணாமே"ன்னான். என் காலைத் தொடாத குறை. எனக்கு எப்படி இருந்துச்சுங்கிறீக! அந்தச் சட்டை எரிஞ்சது கூட ஆறிப்போச்சு.

இம்புட்டும் நடந்தும் குருவம்மா பேசல. இன்னைக்குக் காலையில மூட்டையைத் தோள்ல வைக்கையிலதான் வாயைத் திறந்தா. என்ன சொன்னாங்கிறீக? "கன்னிமாருக்கு ஊத்துன தண்ணியையும் அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க"ங்கிறா! பாத்தீகளா புத்தியை? நான் வெயில்ல காஞ்சு காவல் காத்து விளைவிச்சது, பேரு மட்டும் கன்னிமாருக்குப் போகணுமாம். "ஏன், சாமி படத்தையும் கொண்டுபோயி மேடம் மேசையில வைக்கவா?"ன்னு கேட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிட்டேன். 'அதுக்கில்லைங்க'ன்னு என்னமோ சொல்ல வந்தா. பஸ் வந்துருச்சு.

என்ன தம்பி, ஒருமாதிரி பாக்குறீக? என்ன? கல்லு எங்க இருக்கா? அதான் சொன்னேனே, கிணத்தடியில. கிணத்து மேட்டுல. எந்தப் பாத்திக்குக் கிட்டன்னா... அஞ்சாம் பாத்திக்குத் தலைமாட்டுல. ஏன்?

வாட்டமா? சரியாப் போச்சு. மட்டம் பாக்குறவுக கண்ணுக்கு எதைப் பாத்தாலும் மட்டமும் வாட்டமும்தான் போல. கிழக்கு வாட்டம், தரை கிழக்காலதான் சரியும். மழை பேஞ்சா கிணத்து மேட்டுத் தண்ணி பூராம் கிழக்காலதான் இறங்கும், வேற போக்கிடம் கிடையாது. நேரா இறங்கி அந்த அஞ்சாம்...

இருங்க.

இல்ல தம்பி. இல்ல. குடத்துத் தண்ணி பயிருக்கு எம்மாத்திரம்? யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு குடம் தண்ணிக்கு... ஒரு குடம் இல்லதான். குருவம்மா ஊத்துனா, அப்புறம் ஊரே ஊத்துச்சு. பொதியில ஆரம்பிச்சு மணி முத்துற வரைக்கும் ஊத்துச்சு. ஆனா வால்ப் பக்கம் பதரானதுக்குக் கருவேல மரம்ல காரணம்? அந்த மரம் நாலாம் பாத்திக்கும் வால்லதான் நிக்குது. நாலாம் பாத்திக்குத் தலைமாடும் பதருதான், அங்க மரத்து வேரும் எட்டாது, கல்லுத் தண்ணியும் எட்டாது.

அட பாவிகளா.

கெடுத்துட்டாளுகளே! என் கண்ணு முன்னாலயே தூக்கிட்டுப் போயி ஊத்தியிருக்காளுகளே! நான் மடையில உக்காந்து யாருக்குத் தம்பி காவல் காத்தேன்? இவளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா? முன்னாடியே சொன்னா என்ன? 'ஏங்க, இந்தத் தண்ணி அங்க இறங்குதே'ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன, அவ வாயைப் பொத்தியா வச்சேன்?

இருங்க, போனைப் போடுறேன். மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறா பாருங்க. எடுடி.

கண்டக்டரு கத்துறாரு. பண்ணை விலக்கா, வந்துருச்சா? இருங்கய்யா, இறங்குறேன், வயசான ஆளு, விசிலை ஊதிடாதீக.

தம்பி, மேடம்கிட்டச் சத்தியம் பண்ணிட்டேன். பேத்தி மேல பண்ணிட்டேன். இதை நான் சொல்லலைன்னா யாருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியும், நீங்க ரோட்டைப் பாத்துக்கிட்டுப் போயிருவீக. அவளுக்குத் தெரியும், அவதான் பேசமாட்டாளே. ஆனா அந்தச் சேதுராமுப் பய, மேட்டுச் செய்யில கொண்டுபோயி இதை வெதைப்பானே. என்னைய நம்பி வெதைப்பானே. அவன் முறத்துலருந்து பறக்கும்ல அம்புட்டும்.

சொல்லித்தான் ஆகணும். என்னன்னு சொல்ல? 'மேடம், ஊரே சாமி கும்பிட்டுச்சு, நான் திரும்பி உக்காந்திருந்தேன்'னா? பொம்மையை இழுத்துட்டுப் போனப்பக் கூட எனக்கு இம்புட்டு அவமானமா இல்ல தம்பி. அன்னைக்கு நான் சரின்னு நினைச்சுக்கிட்டு நின்னேன்.

மூட்டையைக் கொஞ்சம் தூக்கி விடுங்க. பைய. அடியில ஒரு கை குடுங்க.

கதிரு உதிருதா? உதிர்ந்துட்டுப் போகுது, விடுங்க.